ஹெம்ப்ஹில் கவுண்டியில் தீக்குப் பின்: எந்த அரசு உதவியை முதலில் கேட்பது?

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸ் மாநிலத்தின் வடகோடியில், ஸ்டின்னெட் என்ற சிற்றூருக்கு அருகே பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, பலத்த காற்றின் துணையோடு கிழக்கே ஓடி, ராபர்ட்ஸ், ஹெம்ப்ஹில் கவுண்டிகளை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளை) எரித்துக்கொண்டு ஓக்லஹோமா எல்லைக்குள்ளும் புகுந்தது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. டெக்சஸில் பதிவான தீக்களில் இதுவே மிகப் பெரியது. எரிந்தவற்றில் பெரும்பகுதி மாடுகள் மேயும் புல்வெளி. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை, அந்த வாரங்களில் எரிந்த தீக்கள் அனைத்தாலும் அப்பகுதி வேளாண்மைக்கு ஏற்பட்ட இழப்பை முதற்கட்டமாக 12.3 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அந்தத் தொகையில் பாதிக்கு மேல் வேலிகளும் பிற கட்டமைப்புகளுமே. செத்த மாடுகளின் பங்கு அதைவிட மிகக் குறைவு. கீழே வரும் ஒப்பீட்டுக்கு இந்த விகிதம் முக்கியமானது. புகைப்படங்களில் நம் கண்ணில் படுவது கருகிய மாடு. பண்ணையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பெரிய எண் முள்கம்பிக்கு எதிரே நிற்கிறது.

கனேடியன் என்ற ஊரைத் தலைநகராகக் கொண்ட ஹெம்ப்ஹில் கவுண்டியின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி மூவாயிரத்து நானூறுக்கும் குறைவு. அங்கே சொந்த நிலத்தில் மாடு வளர்க்கும் ஒருவர் மறுநாள் காலையில் எதிர்கொள்ளும் கேள்வியை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவருக்கு முன்னே அரை டஜனுக்கு மேற்பட்ட உதவி வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் காலக்கெடு, தனிச் சூத்திரம் உண்டு. எதை முதலில் கேட்பது, எதை நம்பித் திட்டமிடுவது, எதைக் கணக்கில் சேர்க்காமலே விடுவது? எது அதிகத் தொகை தரும் என்று வரிசைப்படுத்துவதே இயல்பாகத் தோன்றும். எது உறுதியாக வரும், அது எப்போது வரும் என்பவற்றின்படி வரிசைப்படுத்துவதே சரி என்பது என் கருத்து. மாட்டை விற்பதா, தீவனம் வாங்கிக் காப்பதா என்ற முடிவு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருப்பதில்லை.

உதவிகளை முதலில் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் நிலையாக எழுதப்பட்டு, பேரிடர் நேர்ந்தவுடன் விண்ணப்பிக்கக்கூடிய திட்டங்கள் ஒரு வகை. பேரிடருக்குப் பின் நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கினால் மட்டும் உருவாகும் திட்டங்கள் மற்றொரு வகை. இரண்டையும் களத்தில் நடத்துவது அமெரிக்க வேளாண்துறையின் பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகம். அதன் மேல் அந்தந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தை ஏற்பதும், செத்த மாட்டுக்கான சான்று போதுமா என்று பார்ப்பதும் பெரும்பாலும் இக்குழுவின் பொறுப்பு. ஆகவே உதவி வாஷிங்டனிலிருந்து வந்தாலும், அதற்கான கதவு பக்கத்து ஊரில், முகம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் ஓர் அறையில் இருக்கிறது. இதில் நன்மையும் உண்டு, சங்கடமும் உண்டு.

கணக்கு விளங்குவதற்காக ஒரு பண்ணையைக் கற்பித்துக்கொள்வோம். 300 பசுக்கள், 40 இறந்துவிட்டன, 260 பிழைத்தன, மேய்ச்சல் நிலம் முழுவதும் எரிந்தது, 12 மைல் வேலி போயிற்று. கீழே வரும் விலைகளும் வீதங்களும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. விழுக்காடுகளும் உச்சவரம்புகளும் சட்டத்தில் உள்ளவை.

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எல்.ஐ.பி. எனப்படும் கால்நடை இழப்பீட்டுத் திட்டம். இயற்கைச் சீற்றத்தால் இறந்த மாட்டுக்கு, வேளாண்துறை அந்த ஆண்டுக்கு அறிவித்த சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டை இது தருகிறது. காயம்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்ட மாடுகளுக்கும் ஓரளவு ஈடு உண்டு. ஆனால் இறந்த எல்லா மாடுகளுக்கும் பணம் வராது. எந்த மந்தையிலும் ஆண்டுக்குச் சில மாடுகள் எப்படியும் இறக்கும் என்பதால், மாநிலத்துக்கு வரையறுத்த இயல்பான இறப்பு வீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கே ஈடு கணக்கிடப்படுகிறது. நம் பண்ணையில் அந்த வீதத்தை 2 விழுக்காடு என்று வைத்தால் 6 மாடுகள் கழிந்து 34 மிஞ்சும். மதிப்பு 1,600 டாலர் என்றால் ஒரு மாட்டுக்கு 1,200 டாலர், மொத்தம் 40,800 டாலர். அதிலும் மத்திய அரசின் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பேரில் 5.7 விழுக்காடு பிடிக்கப்பட்டுக் கைக்கு வருவது ஏறத்தாழ 38,500 டாலர்.

இந்தத் தொகை அதே 40 பசுக்களைத் திரும்ப வாங்கப் போதாது. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் மொத்த மாட்டு எண்ணிக்கை 8.72 கோடியாகச் சுருங்கியிருந்தது. 1951-க்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை. மாடு அரிதானபோது விலை ஏறியது. சினைப்பசு ஒன்றுக்கு 2,500 டாலர் கொடுக்க வேண்டியிருந்தால், 40 பசுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் ஆகும். ஆக, எல்.ஐ.பி. தருவது மந்தையை மீட்கும் பணமாகாது. தீயடித்த ஆண்டில் வங்கித் தவணையையும் தீவனச் செலவையும் தாங்க உதவும் பணம் என்று கொள்வதே பொருந்தும்.

ஆயினும் இத்திட்டத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: இதில் இப்போது ஒருவருக்கான உச்சவரம்பு இல்லை. 2017 மார்ச்சில் ஓக்லஹோமாவிலிருந்து கன்சாஸ் மாநிலத்தின் கிளார்க் கவுண்டிக்குள் பாய்ந்த ஸ்டார்பக் தீ நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருந்த குடும்பங்களைத் தாக்கியபோது 1,25,000 டாலர் என்ற வரம்பு இருந்தது. பெரிய மந்தையை இழந்தவருக்கு அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. 2018 பிப்ரவரியில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம் அந்த வரம்பை நீக்கியதோடு, 2017 தொடக்கத்திலிருந்தே அது செல்லும் என்றும் ஆக்கியது. அந்த வகையில் ஹெம்ப்ஹில்காரர்கள் கிளார்க் கவுண்டிக்காரர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

எல்.ஐ.பி.யில் தோல்வி பெரும்பாலும் சான்றில் நேர்கிறது. தீக்கு முன் எத்தனை மாடுகள் இருந்தன என்பதற்கு ஆவணம் வேண்டும். வங்கிக் கடனுக்காகக் கொடுத்த மந்தைப் பட்டியல், தடுப்பூசி போட்ட கால்நடை மருத்துவரின் ரசீது, கன்று விற்ற சீட்டு ஆகியவை இங்கே உதவும். எத்தனை இறந்தன என்பதற்குத் தேதியிட்ட படங்களும், பண்ணைக்குத் தொடர்பில்லாத ஒருவரின் உறுதிமொழியும் வேண்டும். இறந்த மாடுகளை உடனே புதைக்க வேண்டிய சுகாதாரக் கட்டாயமும், புதைப்பதற்கு முன் எண்ணிப் படமெடுக்க வேண்டிய அலுவலகக் கட்டாயமும் ஒரே நாளில் வந்து மோதுகின்றன. ஆகவே விண்ணப்பம் பிறகு போகலாம், படம் பிறகு எடுக்க முடியாது.

அடுத்துப் பலர் கேள்விப்பட்டிருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் கால்நடைத் தீவனத் திட்டம். வறட்சிக் காலத்தில் மேய்ச்சல் கவுண்டிகளுக்கு மிகுதியாகப் பணம் கொண்டுவருவது இதுதான். வறட்சி வரைபடத்தில் கவுண்டி குறிப்பிட்ட நிலையை எட்டிவிட்டால், தனி இழப்பை நிரூபிக்கும் வேலை பெரிதாக இல்லை. ஆனால் தீயைப் பொறுத்தவரை இதன் வாசகம் குறுகியது. மத்திய அரசு நிர்வகிக்கும் மேய்ச்சல் நிலத்தில் தீயால் மேய்க்கத் தடை விதிக்கப்பட்டவருக்கு மட்டுமே இது பொருந்தும். நெவாடாவிலும் ஐடஹோவிலும் நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசுடையது என்பதால் அங்கே இந்த விதி பயன்படும். டெக்சஸில் நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியாருடையது. எனவே நம் பண்ணையாளர் தீயின் பேரில் இத்திட்டத்துக்கு விண்ணப்பிப்பது நேர விரயம்.

தனியார் நிலத்தில் எரிந்த புல்லுக்கு ஈடு தருவது இலாப் எனப்படும் அவசர உதவித் திட்டம். கால்நடை, தேனீ, பண்ணை மீன் ஆகிய மூன்றுக்குமான திட்டம் என்பதால் இதன் முழுப்பெயர் நீளமானது. அதனாலேயோ என்னவோ, பேச்சில் இதன் பெயர் குறைவாகவே அடிபடுகிறது. அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் தீயால் இழந்த மேய்ச்சலுக்கு 150 நாள்கள் வரை, தீவனச் செலவில் 60 விழுக்காட்டை இது தருகிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் போன்ற சில பிரிவினருக்கு இது 90 விழுக்காடு. எரிந்துபோன வைக்கோல் போர்களுக்கும் இதே வழியில் கேட்கலாம். பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 டாலர் தீவனச் செலவு என்று வைத்தால், 260 பசுக்களுக்கு 150 நாள்களில் 78,000 டாலர். அதில் 60 விழுக்காடு 46,800. பிடித்தம் போக ஏறத்தாழ 44,100 டாலர். நிலத்தின் தாங்குதிறன்படி, அதாவது அது எத்தனை மாடுகளுக்கு மேய்ச்சல் தரக்கூடியது என்பதன்படி, கணக்கிட்டால் வருவது இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும் என்பதை மறக்கக்கூடாது. அப்படியிருந்தும், இந்த எடுத்துக்காட்டில் செத்த மாட்டுக்கு வருவதைவிடப் பிழைத்த மாட்டின் பேரில் வருவது கூடுதல்.

இலாபையும் எல்.ஐ.பி.யையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று பார்க்கத் தேவையில்லை. ஒன்று இறந்த மாட்டுக்கு, மற்றொன்று உயிரோடிருக்கும் மாட்டின் வாய்க்கு. இரண்டையும் கேட்கலாம். இலாபின் குறை அதன் கால அளவில் உள்ளது. பிப்ரவரி இறுதியிலிருந்து 150 நாள் எண்ணினால் ஜூலை இறுதி வரும். எரிந்த புல்வெளி மீண்டும் வேர்பிடிக்க ஒரு வளர்பருவம் முழுவதும் மாடு விடாமல் ஒதுக்கிவைப்பது நல்லது என்று மேய்ச்சல் வல்லுநர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பருவம் ஜூலையோடு முடிவதில்லை. ஆகஸ்டு முதல் தீவனத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை மார்ச்சிலேயே யோசித்தவர், மந்தையில் ஒரு பகுதியை ஏறியிருந்த சந்தை விலையில் விற்றுவிட்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். அப்படி விற்றால் மேய்ச்சல் ஈட்டுக்கான தலை எண்ணிக்கையும் குறையும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், விலை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் வயதான பசுக்களை விற்பதே பெரும்பாலோருக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இளம் சினைப்பசுக்களை விற்றவர் பின்னால் வருந்தியிருப்பார்.

இனி வேலி. தீ கடந்த நிலத்தில் மரக்கம்பங்கள் எரிந்து விழுகின்றன; அனல்பட்ட முள்கம்பி முறுக்கிழந்து நொறுங்கும் தன்மை பெறுவதால், நின்றுகொண்டிருக்கும் கம்பியையும் நம்ப முடியாது. வேலி இல்லாமல் பிழைத்த மாடுகளை நெடுஞ்சாலைக்குப் போகாமல் தடுக்க முடியாது. எரியாத மூலையில் மேய்க்கவும் முடியாது. ஐந்து வரிசை முள்கம்பி வேலிக்கு மைலுக்குப் பத்தாயிரம் டாலர் என்பது அப்போது குறைந்த மதிப்பாகவே சொல்லப்பட்டது. நம் பண்ணையின் 12 மைலுக்கு அதன்படியே 1,20,000 டாலர்.

இதற்குள்ள முதன்மையான வழி ஈ.சி.பி. எனப்படும் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம். வேலியை மறுபடி போடும் செலவில் 75 விழுக்காடு வரை, புதியவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் 90 விழுக்காடு வரை, இது பங்கேற்கிறது. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு உச்சவரம்பு 5 லட்சம் டாலர். கிளார்க் கவுண்டி எரிந்தபோது அது 2 லட்சமாக இருந்தது. 2018 பண்ணைச் சட்டம் உயர்த்தியது. வேலிக்காக மட்டும் செலவில் கால் பங்கு வரை முன்பணமாகப் பெறவும் அதே சட்டம் வழிசெய்தது. நம் எடுத்துக்காட்டில் அரசின் பங்கு 90,000 டாலர், எல்.ஐ.பி.யும் இலாபும் சேர்ந்தாலும் இதற்குக் குறைவு. தொகையாலும் அவசரத்தாலும் ஈ.சி.பி.தான் முதல் விண்ணப்பமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஐயமெல்லாம் அதன் நடைமுறையைப் பற்றியது; முதலில் கேட்க வேண்டியது இதுவானாலும், உறுதியாக வரும் என்று நம்பித் திட்டமிடத்தக்கது இது அன்று. எல்.ஐ.பி.யும் இலாபும் சட்டப்படி நிதி உறுதிசெய்யப்பட்டவை. தகுதியுள்ளவருக்குப் பணம் வந்தே தீரும். ஈ.சி.பி.க்கோ கவுண்டிக் குழு முதலில் அத்திட்டத்தைத் தன் கவுண்டிக்குத் திறக்கும்படி கேட்க வேண்டும். நிதியும் நாடாளுமன்றம் அவ்வப்போது ஒதுக்குவதிலிருந்து வர வேண்டும். அலுவலகம் இடத்தைப் பார்க்காமல், விண்ணப்பமும் போடாமல் வேலி கட்டத் தொடங்கினால் அந்தப் பகுதிக்கு உதவி மறுக்கப்படலாம். மாடுகள் சாலையில் நிற்கும்போது ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது எளிதன்று. நடைமுறையில் செய்யத்தக்கது, முதல் நாளே அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பத்தைப் பதிவுசெய்துவிட்டு, எந்த வேலையை உடனே தொடங்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது. அதுவரை சாலையோரத்தில் தற்காலிக மின்வேலி. உதவியின் அளவு கவுண்டி வகுத்த தரவிலையின்படி கணக்கிடப்படுவதால், ஒரே மாதத்தில் எல்லோரும் வேலி போடக் கூலியும் கம்பியும் விலையேறிய இடத்தில் 75 விழுக்காடு என்பது உண்மையில் அறுபதுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலிக்கு வேறு இரண்டு வழிகளும் உள்ளன. இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் ஈக்விப் திட்டம் மேய்ச்சல் மேலாண்மையோடு இணைந்த பணிகளுக்கு உதவுகிறது; ஆனால் அது ஒப்பந்தம், திட்ட வரைவு என்று மெதுவாக நகரும், நீண்டகாலத்துக்கானது. டெக்சஸ் வேளாண்துறையின் ஸ்டார் நிதி நன்கொடைகளால் மட்டுமே நடப்பது. வரிப்பணம் அதில் இல்லை. தீக்குப் பின் அதற்கு நன்கொடைகள் குவிந்தன. வந்தால் நல்லது, சொந்தப் பங்கான 30,000 டாலரில் ஒரு பகுதியை அது ஈடுசெய்யலாம். திட்டமிடும்போது அதன்மேல் சாய வேண்டியதில்லை.

காப்பீடு எடுத்திருந்தால் இத்தனை படிவங்கள் தேவைப்பட்டிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கென மத்திய அரசு மானியத்தோடு விற்கப்படும் பி.ஆர்.எஃப். காப்பீடு மழை அளவைக் குறியீடாகக் கொண்டது. நாட்டை அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, இரண்டு மாத இடைவெளிகளில் அந்தக் கட்டத்தில் பெய்த மழை வழக்கத்தைவிடக் குறைந்தால் பணம் தருகிறது. பண்ணையில் உண்மையில் என்ன இழப்பு என்று யாரும் வந்து பார்ப்பதில்லை, சான்று தேவையில்லை, பிரீமியத்தில் பாதிக்குச் சற்று மேல் அரசு ஏற்கிறது. வறட்சிக்கு இது நல்ல கருவி. தீக்கு இது எதுவும் செய்யாது. சில சமயம் எதிர்த்திசையிலும் போகும்: 2023 வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடைத் தொடக்கத்திலும் வடகோடி டெக்சஸில் நல்ல மழை பெய்து புல் அடர்த்தியாக வளர்ந்தது. அந்தப் புல்தான் குளிர்காலத்தில் காய்ந்து, பிப்ரவரியில் தீக்கு இரையாக நின்றது. மழைக் குறியீட்டை உயர்த்திக் காப்பீட்டுப் பணத்தைத் தடுத்த அதே மழை தீக்கு எரிபொருளைத் தந்தது. எனவே ஆண்டுதோறும் டிசம்பர் 1-க்குள் எடுக்க வேண்டிய இந்தக் காப்பீட்டை வறட்சிக்காக எடுக்கலாம். தீயில் அதை நிவாரணத்துக்கு மாற்றாக எண்ணுவது தவறு. காப்பீட்டு முகவர் சிலர் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதில்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

இரண்டாம் வகையான, நாடாளுமன்றம் தனியாக ஒதுக்கும் உதவி, தலைப்புச் செய்திகளில் எப்போதும் பெரியதாகத் தெரியும். 2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க நிவாரணச் சட்டம் 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர்களுக்காக வேளாண்துறைக்குச் சுமார் 2,078 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 200 கோடி வரை கால்நடை வளர்ப்போருக்கு. நம் பண்ணையாளருக்கு இது எப்போது எட்டியது? முதலில் 2025 மே இறுதியில் அறிவிக்கப்பட்ட பகுதி, ஏற்கெனவே எல்.எஃப்.பி. பெற்றவர்களின் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. தனியார் நிலத்தில் எரிந்தவர் தீயின் பேரில் எல்.எஃப்.பி. பெற்றிருக்க முடியாது என்று மேலே கண்டோம்; ஆகவே அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. வெள்ளத்துக்கும் தீக்குமான பகுதிக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது 2025 செப்டம்பரில். தீ அணைந்து பதினெட்டு மாதங்கள் கடந்திருந்தன. அதற்குள் அவர் மாட்டை விற்றிருப்பார் அல்லது காப்பாற்றியிருப்பார்; வேலியைப் போட்டிருப்பார் அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பார். பின்னால் வந்த பணம் கடனை அடைக்க உதவும். முடிவெடுக்கும் நேரத்தில் அது இல்லை.

இத்தகைய உதவியை மட்டுமே நம்ப வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு டகோட்டாவின் 2013 அனுபவம் கையில் இருக்கிறது. எல்.ஐ.பி. முதலிய திட்டங்களை 2008 பண்ணைச் சட்டம் உருவாக்கியது. ஆனால் 2011 செப்டம்பர் இறுதியோடு அவற்றின் அதிகாரம் முடிந்தது. புதிய சட்டம் இழுபறியில் கிடந்தது. 2013 அக்டோபர் முதல் வாரத்தில், குளிர்கால ரோமம் வளராத மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில் இருந்தபோது, அட்லஸ் என்று பெயரிடப்பட்ட பனிப்புயல் மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கி ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொன்றது. அந்த வாரம் மத்திய அரசே நிதி ஒப்புதலின்றி மூடிக் கிடந்தது; இழப்பைப் பதிவுசெய்யக்கூடக் கவுண்டி அலுவலகத்தில் ஆளில்லை. 2014 பிப்ரவரியில் புதிய பண்ணைச் சட்டம் இத்திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் செல்லும்படி செய்தது. விண்ணப்பம் ஏப்ரலில் தொடங்கியது. புயலுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த நான்கு மாதம் எந்தச் சட்டமும் பணம் தருமென்று உறுதி சொல்லாத நிலையில் செத்த மாட்டைப் படமெடுத்து, மருத்துவரின் கையொப்பம் வாங்கி வைத்திருந்தவர்கள் பின்னர் பலன் பெற்றார்கள். தனி ஒதுக்கீட்டை வரவுப் பக்கத்தில் சுழியம் என்று எழுதிவிட்டு, அதற்கான சான்றுகளை மட்டும் வரும் என்றே நம்பிச் சேர்த்துவைப்பதுதான் அதை அணுகும் முறை.

கடன் கடைசியாக வருகிறது. பண்ணைச் சேவை முகமை தரும் அவசரக் கடன் 5 லட்சம் டாலர் வரை. 2024-இல் வட்டி 3.75 விழுக்காடு, அன்றைய வங்கி வட்டியில் பாதிக்கும் கீழே. கவுண்டி பேரிடர்ப் பகுதி என்று முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது அப்படி அறிவிக்கப்பட்ட கவுண்டிக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். அறிவிப்பிலிருந்து எட்டு மாதத்துக்குள் கேட்க வேண்டும். வேறெங்கும் கடன் கிடைக்காதவர் என்றும் காட்ட வேண்டும். மந்தையை மீட்பதற்கு மேலே சொன்ன ஒரு லட்சம் டாலரில் எல்.ஐ.பி. தராத பகுதியை நிரப்ப இது பொருத்தமான வழி. ஆனால் உச்ச விலையில் கடன் வாங்கி மாடு வாங்குபவர், விலை இறங்கும் ஆண்டுகளிலும் அதே தவணையைக் கட்ட வேண்டியிருக்கும். புல் திரும்பும்வரை மந்தையைச் சிறிதாக வைத்து, தங்கள் கிடாரிகளையே வளர்த்துப் பெருக்குவது மெதுவானாலும் கடனைத் தவிர்க்கும் வழி. நிலம் சொந்தமாக இருப்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். குத்தகை நிலத்தில் இருப்பவர் காலி நிலத்துக்கும் வாடகை கட்டுவதால் அவ்வளவு பொறுமையாக இருக்க முடியாது.

குத்தகைக்காரரைப் பற்றி இன்னொன்று. இலாபும் எல்.ஐ.பி.யும் மாட்டின் உரிமையாளரைப் பின்தொடர்கின்றன, ஈ.சி.பி. செலவைத் தாங்குபவரைப் பின்தொடர்கிறது. வேலியைப் போடுவது நிலத்துக்காரரா, மாட்டுக்காரரா என்பது குத்தகைப் பத்திரத்தில் தெளிவாக இல்லாத பண்ணைகளில், விண்ணப்பத்தில் யார் பெயர் என்பதே தீக்குப் பின் முதல் சண்டையாக வந்துவிடுகிறது. அதே போலச் சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இருப்பவருக்கு எல்.ஐ.பி., இலாப் இரண்டும் 2024-இல் கிடைக்காது. எண்ணெய்க் கிணற்று உரிமத்தொகை பெறும் சில ஹெம்ப்ஹில் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டு விதியன்று. 2025 ஜூலையில் வந்த சட்டம், வருமானத்தில் முக்கால் பங்கு வேளாண்மையிலிருந்து வருபவருக்கு இந்தத் தடையைத் தளர்த்தியிருக்கிறது. உரிமத்தொகையால் வரம்பைத் தாண்டுபவருக்கு அத்தளர்வு உதவாது.

இந்தத் தீயில் அரசுக்கு வெளியேயும் ஒரு வழி இருந்தது. தீயின் தொடக்கத்தில் தன் மின்சாதனங்களுக்குப் பங்கு இருந்ததாகத் தோன்றுகிறது என்று எக்ஸெல் எனர்ஜி நிறுவனம் 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டது; அலட்சியம் என்ற குற்றச்சாட்டை மறுத்தது; மாடும் உடைமையும் இழந்தவர்கள் கோரிக்கை அனுப்ப ஏற்பாடும் செய்தது. பொறுப்பாளி தெரிந்த தீயில் இழப்பின் முழு மதிப்பையும் கேட்க முடிகிற ஒரே இடம் இதுதான் என்பதால் பெரிய இழப்புக்காரர்கள் இதை விடக்கூடாது. ஆனால் வழக்கறிஞரின் காலண்டர் வேறு. வேலியும் வைக்கோலும் அதற்காகக் காத்திருக்காது. கவுண்டி அலுவலகத்துக்காகச் சேர்த்த அதே மந்தைப் பட்டியலும் படங்களும் இங்கேயும் செல்லும்.

மிஞ்சியிருப்பது வருமான வரி. எல்.ஐ.பி.யாக வரும் தொகை வரிக்குரிய வருமானம். சொந்தப் பண்ணையில் பிறந்து வளர்ந்த பசுவுக்குக் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் அடக்கவிலை எதுவும் மிஞ்சியிராது. வளர்த்த செலவை ஆண்டுதோறும் கழித்தாகிவிட்டது. ஆகவே மாடு இறந்ததை நட்டமாகக் கழிக்க முடியாது, அதற்கு வந்த ஈடோ வரவாக ஏறும். அவசரத்தில் வயதான பசுக்களை விற்ற பணமும் அதே ஆண்டில் சேர்ந்தால், எல்லாம் இழந்த ஆண்டே வரிக்கணக்கில் நல்ல ஆண்டாகத் தெரியும். ஈடுதொகையைக் கொண்டு குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்று மாடு வாங்குபவருக்கு வரியை ஒத்திவைக்கும் விதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. கிடாரிகளை வளர்த்துப் பெருக்கும் மெதுவான வழியைத் தேர்ந்தவர் அந்த விதியைப் பயன்படுத்த முடியாது என்பதால், மந்தையை எப்படி மீட்பது என்ற முடிவை டிசம்பருக்கு முன்பே கணக்காளரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும்.